முலாகோவுக்கு வந்த மருந்து

1957ஆம் ஆண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், கம்பாலா நகரின் முலாகோ குன்றின்மேல் ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே அறுவை சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றிய டெனிஸ் பர்கிட்டை, சக மருத்துவரான ஹியூ டிரோவெல் குழந்தைகள் பிரிவுக்கு அழைத்தார். அங்குப் படுத்திருந்த ஐந்து வயதுச் சிறுவனின் முகம் உருக்குலைந்திருந்தது. மேல்தாடையின் இரு பக்கங்களிலும் கீழ்த்தாடையின் இரு பக்கங்களிலும் வீக்கம். பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. கிருமித் தொற்று என்றால் ஓரிடத்தில் வரலாம். நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் எப்படி வரும்? பர்கிட்டுக்கு விடை தெரியவில்லை. சிறுவனைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து அவர் ஜிஞ்சா என்னும் ஊரின் மருத்துவமனைக்குச் சென்றிருந்தார். தற்செயலாகச் சன்னலுக்கு வெளியே பார்த்தபோது, புல்தரையில் தாயுடன் அமர்ந்திருந்த ஒரு குழந்தை கண்ணில் பட்டது. அதே முகம், அதே வீக்கம். பர்கிட் வெளியே விரைந்தார். குழந்தையைச் சோதித்தபோது வயிற்றிலும் கட்டிகள் இருப்பது தெரிந்தது. அபூர்வமான ஒன்றை ஒருமுறை பார்த்தால் வியப்போடு விட்டுவிடலாம். இரண்டாம் முறையும் பார்த்தபிறகு அவரால் விட முடியவில்லை.

டெனிஸ் பர்கிட் 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள எனிஸ்கில்லன் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பர்கிட் பொறியாளர். பறவைகளை ஆராய்வதில் பேரார்வம் கொண்டவர். தம் தோட்டத்துக்கு வரும் ராபின் குருவிகளின் கால்களில் சிறு உலோக வளையங்களை மாட்டி, எந்தக் குருவி எந்த எல்லைக்குள் வாழ்கிறது என்று வரைபடத்தில் குறித்து வைத்தார். பறவை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள். மகன் பிற்காலத்தில் செய்த வேலையைப் பார்க்கும்போது, தந்தையின் அந்தப் பழக்கம் வீண்போகவில்லை என்றே தோன்றுகிறது.

பதினோரு வயதில் டெனிஸுக்கு ஒரு விபத்து நேர்ந்தது. சிறுவர்களுக்கிடையே நடந்த சண்டையில் யாரோ எறிந்த கல் அவருடைய மூக்குக் கண்ணாடியை உடைத்தது. கண்ணாடித் துண்டு குத்தி வலக்கண்ணின் பார்வை போயிற்று. பிறகு வாழ்நாள் முழுவதும் ஒற்றைக் கண்ணாலேயே அவர் உலகைப் பார்த்தார்.

தந்தையைப் போலப் பொறியாளராகும் எண்ணத்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். விரைவிலேயே மனம் மாறி மருத்துவம் பயின்று, 1935இல் பட்டம் பெற்றார். ஆழ்ந்த சமயப்பற்று உடைய அவர், ஆப்பிரிக்காவில் பணியாற்ற விரும்பி விண்ணப்பித்தார். ஒரு கண் இல்லாதவர் என்ற காரணத்தால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவராகச் சேர்ந்து கென்யா, சோமாலிலாந்து, இலங்கை ஆகிய இடங்களில் பணியாற்றினார். போர் முடிந்த பின்னர் மீண்டும் விண்ணப்பித்தார். 1946இல் உகாண்டாவுக்குச் செல்ல அனுமதி கிடைத்தது. மனைவி ஆலிவ் தாதியாகப் பயிற்சி பெற்றவர்.

முதலில் அவர் அனுப்பப்பட்ட இடம், வடக்கே உள்ள லிரா என்னும் சிற்றூர். அங்கே அவரிடம் வந்த ஆண்கள் பலருக்கு நீர் சேர்ந்து வீங்கும் ஒரு நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலிருந்தே வருவதை அவர் கவனித்தார். மேற்குப் பகுதியில் அந்த நோய் மிகக் குறைவு. யானைக்கால் நோயைப் போலவே கொசுவின் வழியாகப் பரவும் புழுவே அதற்குக் காரணம் என்பது பின்னர் விளங்கியது. நோயாளியின் பெயரையும் வயதையும் மட்டுமன்றி அவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பதையும் கேட்க வேண்டும் என்ற பாடத்தை லிராவில்தான் பர்கிட் கற்றார்.

ஜிஞ்சாவில் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டுக் கம்பாலாவுக்குத் திரும்பியவர், மருத்துவமனையின் பழைய பதிவுகளைப் புரட்டத் தொடங்கினார். தாடைக் கட்டி உள்ள குழந்தைகளின் குறிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. சிலருக்குச் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் கட்டி இருந்தது. அதுவரை மருத்துவர்கள் தாடையில் வந்ததைத் தனி நோயாகவும், வயிற்றில் வந்ததை வேறு நோயாகவும் எழுதி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நோய்தான் என்பது பர்கிட்டுக்குப் புலப்பட்டது. அதே மருத்துவமனையில் கிரெகரி ஓகோனர் என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் அந்தத் திசுக்களை ஆராய்ந்து, அவை நிணநீர்ப் புற்றுநோயைச் சேர்ந்தவை என்று காட்டினார். அங்கு வந்த குழந்தைகளின் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே வகை.

இந்த நோயைப் பர்கிட்தான் முதலில் பார்த்தார் என்று சொல்ல முடியாது. உகாண்டாவுக்கு அவருக்கு முன்பே சென்ற ஆல்பர்ட் குக் என்ற மருத்துவர், ஒரு குழந்தையின் தாடைக் கட்டியைப் பற்றி 1910இலேயே குறித்து வைத்திருந்தார். ஊர் மக்களோ அதற்கும் முன்பே அதை அறிந்திருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தாமே இறந்தார்கள். தனித்தனியே கிடந்த குறிப்புகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்ததே பர்கிட் செய்த புதுமை. 1958இல் அவர் 38 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஒரு நோய்க்குப் பெயர் கிடைப்பதால் மட்டும் குழந்தை பிழைத்துவிடாது. இந்தக் கட்டி மனித உடலில் வளரும் கட்டிகளிலேயே மிக வேகமானவற்றுள் ஒன்று. ஓரிரு நாளில் இருமடங்காகக் கூடியது. பர்கிட் கத்தியைக் கையில் எடுத்த மருத்துவர். தாடையை வெட்டி எடுத்தும் பார்த்தார். முகம் சிதைந்ததே தவிர, நோய் மீண்டும் வேறோர் இடத்தில் தலைகாட்டியது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வேண்டிய கருவி அந்நாளில் உகாண்டாவில் இல்லை. தாய்மார்கள் பல மைல் தூரம் பிள்ளைகளைச் சுமந்து வந்தார்கள். சில வாரங்களில் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நோய் எங்கெங்கே வருகிறது என்பதையாவது அறிய வேண்டும் என்று பர்கிட் எண்ணினார். ஆய்வுக்காக அவருக்குக் கிடைத்த முதல் உதவித்தொகை 25 பவுண்டு. அதைக் கொண்டு, நோயுற்ற குழந்தைகளின் படங்களோடு கூடிய துண்டறிக்கைகளை அச்சிட்டு, ஆப்பிரிக்கா முழுவதும் உள்ள மருத்துவமனைகளுக்கு அஞ்சலில் அனுப்பினார். இத்தகைய குழந்தையைப் பார்த்ததுண்டா என்பதே கேள்வி. பதில்கள் வர வர, சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஊசிகளைக் குத்தினார். ஆப்பிரிக்காவின் நடுவே அகலமான ஒரு பட்டை உருவாயிற்று. கிழக்குக் கரையில் அதன் வால் தெற்கு நோக்கி நீண்டது.

அந்த வால் எங்கே முடிகிறது, ஏன் முடிகிறது? இதை அஞ்சலில் கேட்டு அறிய முடியாது. 1961 அக்டோபரில் பர்கிட், டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்ற மருத்துவ நண்பர்கள் இருவருடன் 1954ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பழைய ஃபோர்டு காரில் புறப்பட்டார். வில்லியம்ஸ் காரைப் பழுதுபார்ப்பதிலும் வல்லவர். அந்தச் சாலைகளில் அது மருத்துவப் பட்டத்துக்கு இணையான தகுதி. பத்து வாரங்களில் 16,000 கிலோமீட்டர். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் வரை சென்று திரும்பினார்கள். வழியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் நின்று, படங்களைக் காட்டி, மருத்துவர்களிடமும் தாதியரிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

பயணத்தின் முடிவில் ஓர் உண்மை தெளிவாயிற்று. எல்லையைத் தீர்மானித்தது நாடோ இனமோ அன்று. உயரமும் வெப்பமும் மழையுமே. ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேற்பட்ட மலைநாடுகளில் இந்த நோய் இல்லை. குளிர் மிகுந்த இடங்களிலும் மழை குறைந்த இடங்களிலும் இல்லை. மலேரியா பரவும் இடங்களின் வரைபடத்தை இதன் மேல் வைத்தால் இரண்டும் பெரும்பாலும் பொருந்தின. ஒரு புற்றுநோய் கொசு வாழும் இடத்தைப் பொறுத்து அமைவதை அதுவரை யாரும் கண்டதில்லை.

அந்தப் பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன், 1961 மார்ச் 22ஆம் நாள், பர்கிட் லண்டனில் ஒரு மருத்துவமனையில் உரையாற்றியிருந்தார். கோழிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸை ஆராய்ந்துவந்த அந்தோணி எப்ஸ்டைன் அவையில் இருந்தார். தட்பவெப்பத்தைப் பொறுத்து வரும் புற்றுநோய்க்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். அன்றிலிருந்து கம்பாலாவில் எடுக்கப்பட்ட கட்டிகளின் துண்டுகள் விமானத்தில் லண்டனுக்குப் பறந்தன. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றும் அகப்படவில்லை.

1963 டிசம்பரில் பனிமூட்டம் காரணமாக ஒரு விமானம் லண்டனில் இறங்க முடியாமல் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. பெட்டி தாமதமாக எப்ஸ்டைனின் கைக்கு வந்தபோது, குப்பியில் இருந்த திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடுவதுதான் வழக்கம். அவர் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் அழுகல் அன்று. கட்டியிலிருந்து உதிர்ந்த உயிருள்ள உயிரணுக்கள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை அப்படியே வளர்த்ததில் வைரஸ் வெளிப்பட்டது. எப்ஸ்டைனும் பெர்ட் அச்சோங்கும் இவோன் பாரும் 1964இல் இதை வெளியிட்டார்கள். மனிதருக்கு வரும் புற்றுநோயோடு தொடர்புடையதாக அறியப்பட்ட முதல் வைரஸ் அது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் என்று அழைக்கப்படுகிறது. தென்கிழக்காசியாவில், குறிப்பாகச் சீனர்களிடையே, காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடும் அதற்குத் தொடர்பு உண்டு. ஆகவே, இது எங்கோ தொலைவில் உள்ளவர்களின் கதை மட்டும் அன்று.

வைரஸைக் கண்டுபிடித்த செய்தி உலகெங்கும் பரவியது. முலாகோவில் படுத்திருந்த குழந்தைகளுக்கு அதனால் உடனே பயன் ஏதும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது மருந்து. அந்தப் பக்கத்தை இப்போது பார்ப்போம்.

புற்றுநோயை மருந்தால் அடக்கலாம் என்பதே அக்காலத்தில் புதிய செய்தி. 1948இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்து நோயைச் சில மாதங்கள் தணித்துக் காட்டியிருந்தார். அந்த மருந்தையும், அதன் தம்பி என்று சொல்லத்தக்க மெத்தோட்ரெக்சேட்டையும் உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்றவர் அவர். உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் என்ற சத்து தேவை. மெத்தோட்ரெக்சேட் அந்தச் சத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. வேகமாகப் பெருகும் உயிரணுக்களே முதலில் அடிபடுகின்றன.

இப்படிப்பட்ட மருந்துகள் பணக்கார நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில்தான் சோதிக்கப்பட்டன. ஆப்பிரிக்காவுக்கு அவை எளிதில் வருவதில்லை. 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜோசஃப் பர்ச்சினால் என்ற புற்றுநோய் மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து, இந்தக் கட்டியில் மருந்தைச் சோதித்துப் பார்க்கும்படி ஊக்கப்படுத்தினார். நைரோபியில் பீட்டர் கிளிஃபர்டும் கம்பாலாவில் பர்கிட்டும் முயற்சியைத் தொடங்கினார்கள். மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, வின்கிரிஸ்டின் என மூன்று மருந்துகள் கைக்கு வந்தன. மூன்றாவது மருந்து, நம் கோயில்களிலும் வீட்டு வாசல்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது.

பர்கிட் புற்றுநோய் மருந்துகளில் பயிற்சி பெற்றவர் அல்லர். நாள்தோறும் இரத்தத்தைப் பரிசோதித்து அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அங்குப் போதுமானதாக இல்லை. பல குடும்பங்கள் மாதக்கணக்கில் மருத்துவமனையில் தங்க முடியாதவை. நிலத்தையும் மற்றப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்தவர்கள். ஆகவே, அமெரிக்க மருத்துவர்கள் கொடுத்ததைவிடக் குறைந்த அளவில், சில தவணைகள் மட்டும் மருந்து கொடுத்தார். சில குழந்தைகளுக்கு ஒரே தவணைதான். நடந்தது அவரே எதிர்பாராதது. சில நாள்களில் வீக்கம் வடிந்தது. மூடியிருந்த கண் திறந்தது. உணவை மெல்ல முடியாமல் வந்த குழந்தை உண்ணத் தொடங்கியது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவர் எடுத்த படங்களை அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே குழந்தைதானா என்று ஐயம் எழும். கட்டி வேகமாக வளர்ந்ததே அதன் பலவீனமும் ஆயிற்று. பெருகும் உயிரணுக்களைத் தாக்கும் மருந்துக்கு அது நல்ல இலக்கு.

எல்லாரும் பிழைக்கவில்லை. பலருக்கு நோய் திரும்பி வந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கியபோது அக்கால மருந்துகள் அங்கே போய்ச் சேரவில்லை. ஆயினும், கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்த குழந்தைகளில் பலர் நோய் திரும்பாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். பரவிவிட்ட புற்றுநோயை மருந்தால் மட்டும் குணப்படுத்த முடியுமா என்று பெரிய நாடுகளின் வல்லுநர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், விடையின் ஒரு பகுதி கம்பாலாவிலிருந்து கிடைத்தது. ஏழை நாட்டுக்கு மருந்து வந்தது என்று மட்டும் சொன்னால் கதை பாதிதான். அந்த மருந்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவு ஏழை நாட்டிலிருந்து மற்ற நாடுகளுக்குச் சென்றது.

ஒரு குறையைப் பர்கிட்டால் தீர்க்க முடியவில்லை. கட்டி கரைந்ததும் குடும்பத்தார் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அதன்பின் அக்குழந்தை பிழைத்ததா, இறந்ததா என்பதை அறிவது கடினம். இதைச் சரிசெய்ய ஒரு நிலையான இடம் தேவைப்பட்டது. 1966இல் பர்கிட் உகாண்டாவை விட்டு இங்கிலாந்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டே, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகமும் மகரேரே பல்கலைக்கழகமும் இணைந்து முலாகோவில் இந்த நோய்க்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தைத் திறந்தன. அதுவே பின்னர் உகாண்டா புற்றுநோய்க் கழகமாக வளர்ந்தது. முதல் தலைவரான ஜான் ஜீக்லருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. சிகிச்சை பெற்றுச் சென்ற பிள்ளைகளின் ஊர்களைத் தேடி நிலையத்தார் வண்டியில் புறப்பட்டார்கள். உகாண்டாவைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர் செபஸ்டியன் கியால்வாசி இந்த ஆய்வுகளில் பங்குகொண்டார். மேற்கே நைஜீரியாவில், கேமரூன் நாட்டவரான அனோமா இங்கு என்ற மருத்துவர் அதே நோய்க்கு மருந்து கொடுத்து வெற்றி கண்டார். 1972இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு பர்கிட், இங்கு, ஜீக்லர், பர்ச்சினால் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. நோய்க்குப் பர்கிட்டின் பெயர் நிலைத்துவிட்டது. மற்றவர்களின் பெயர்களை இப்போது தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

அதே 1972இல் உகாண்டாவில் இடி அமீனின் கொடுங்கோலாட்சி முற்றியது. ஆசியர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். ஜீக்லரும் வெளியேறினார். உகாண்டா மருத்துவரான சார்லஸ் ஒல்வேனி கழகத்தின் பொறுப்பை ஏற்றார். நாட்டின் பொருளாதாரம் நொறுங்கி, மருந்து கிடைப்பதே அரிதான ஆண்டுகள் அவை. இருந்தும் கழகத்தின் கதவு மூடப்படவில்லை.

இங்கிலாந்தில் பர்கிட் வேறொரு வரைபடத்தைக் கையில் எடுத்தார். ஆப்பிரிக்கக் கிராமங்களில் அரிதாக உள்ள குடல் நோய்கள் மேலைநாடுகளில் ஏன் மிகுதியாக உள்ளன என்று ஆராய்ந்து, உணவில் நார்ச்சத்து குறைந்ததே காரணம் என்று ஊர் ஊராகப் பேசினார். உலக மக்களில் பலர் அவரை அறிந்தது அதற்காகத்தான். 1993 மார்ச் 23ஆம் நாள், தம் 82ஆம் வயதில் காலமானார்.

இன்று வளமான நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். வருமானம் குறைந்த பல நாடுகளில் 30 விழுக்காட்டினர்கூடக் குணமடைவதில்லை. நோயைத் தாமதமாகக் கண்டறிவது, மருந்து கிடைக்காதது, பயணச் செலவு தாங்காமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது எனக் காரணங்கள் பல. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2030க்குள் உலகெங்கும் இத்தகைய குழந்தைகளில் குறைந்தது 60 விழுக்காட்டினரையாவது காப்பாற்ற வேண்டும் என்பது அதன் குறிக்கோள். முதலில் கவனிப்பதற்காக அது தேர்ந்தெடுத்த ஆறு வகைப் புற்றுநோய்களில் பர்கிட் நிணநீர்ப் புற்றுநோயும் ஒன்று.

முலாகோ குன்றில் உகாண்டா புற்றுநோய்க் கழகம் இன்றும் இயங்குகிறது. வீங்கிய தாடையுடன் அங்கு வரும் குழந்தைக்கு, பர்கிட் அன்று கையாண்ட அதே மூன்று மருந்துகள் இப்போது சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தாய் பாய் விரித்துப் படுத்திருப்பார். ஊரில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளை நினைத்தபடி, அடுத்த தவணை எந்த நாள் என்று தாதியிடம் கேட்பார்.